மாடியில் பேனல் ஏறிய பிறகு யார் வருவார்?
வீட்டு சோலார்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் சோலார் மானியத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களோ வேறு கதை சொல்கின்றன. 'யாரை நம்பிக் கொடுப்பது?' என்று கொஞ்சம் பேர். 'போட்டுக் கொடுத்தவர் போனை எடுப்பதில்லை' என்று நிறையப் பேர். அதனால் இந்த மாதம் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

நான் தென் மாவட்டங்களில் இன்வெர்ட்டர் சர்வீஸ் வேலையில் பல வருடம் இருந்தவன். எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் கிடையாது. 'நல்ல கம்பெனி பெயர் ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்டிருப்பவர்கள் மன்னிக்க வேண்டும், சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனி ஒரு ஊரில் சொந்த ஆள் வைத்து ஒழுங்காகச் செய்யும், அடுத்த மாவட்டத்தில் தெரியாத ஆளிடம் வேலையைத் தள்ளிவிடும். பெயரை வைத்து முடிவு செய்வது உங்களுக்கு உதவாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 3 கிலோவாட் போட மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். 1,60,000, 1,85,000, 2,10,000 என்று மூன்று விலை. மூவருமே '25 வருட வாரண்டி' என்கிறார்கள். விலை குறைவாகச் சொன்னவர் நன்றாகவும் பேசுகிறார். அவர் 25 வருடம் இந்தத் தொழிலில் இருப்பாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, பரமக்குடி

பதில்: அது அவருக்கே தெரியாது, அம்மா. அந்த 25 வருட வாரண்டியும் அவர் கொடுப்பது இல்லை. அது பேனல் தயாரித்த கம்பெனி கொடுப்பது. அதுவும் '25 வருடம் கழித்தும் பேனலின் உற்பத்தித் திறன் இன்ன சதவீதத்துக்குக் கீழே போகாது' என்கிற உத்தரவாதம். பேனலில் பொருள் குறைபாடு வந்தால் மாற்றித் தரும் வாரண்டி தனி. பல பிராண்டுகளில் அது 12 வருடம்தான். இன்வெர்ட்டருக்கு (பேனலில் வரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கு வேண்டிய ஏசி மின்சாரமாக மாற்றும் பெட்டி) 5 முதல் 10 வருடம், அதையும் இன்வெர்ட்டர் கம்பெனிதான் கொடுக்கும். மிச்சம் இருக்கும் இரும்பு ஸ்ட்ரக்சர், கேபிள், கனெக்டர், சுவரில் மாட்டும் ஏசி, டிசி பெட்டிகள், எர்த், போல்ட்டு முறுக்கிய கை எல்லாம் போட்டுக் கொடுப்பவரின் பொறுப்பு. நான் சர்வீஸுக்குப் போன வீடுகளில் அநேகமாக இந்தக் கடைசி வகைதான் கோளாறு கொடுத்திருந்தது. பேனல் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம்.

ஆகவே மூன்று பேரிடமும் பேனல் பொருள், பேனல் உற்பத்தி, இன்வெர்ட்டர், உங்கள் கைவேலை என்று நான்கு வாரண்டியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நான்காவதை எழுதக் கை வராதவர் யாரோ, அவரை அங்கேயே கழித்துவிடலாம்.

வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம் சூர்யகர் திட்டத்தில் நீங்கள் போடுவதாக இருந்தால் இன்னொரு பிடிமானமும் உண்டு. அந்தத் திட்டத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர் இயக்கத்துக்கு வந்த நாளிலிருந்து 5 வருடம் பராமரித்துத் தர வேண்டும். திட்ட இணையதளத்தில் இருக்கும் மாதிரி ஒப்பந்தத்தில் நீங்களும் அவரும் கையெழுத்துப் போடுவீர்கள். அதன் ஒரு பிரதி உங்கள் பீரோவில் இருக்கட்டும். 'பதிவு பெற்றவர்' என்பதை மட்டும் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவுக்குக் கட்ட வேண்டிய வங்கி உத்தரவாதத்தைக் கட்டியிருக்கிறார் என்றுதான் அதற்குப் பொருள். போனை எடுப்பாரா என்பதை அது சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள நான் நம்பும் வழி, அவருடைய பழைய வாடிக்கையாளர்கள்தான். போன மாதம் போட்ட வீட்டைக் காட்டுவார்கள். அது வேண்டாம். பேனல் புதிதாக மின்னும், எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். 'மூன்று வருடத்துக்கு முன்பு போட்ட வீடு இரண்டைச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அங்கே போய் 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால் 'இருக்கிறது' என்பார்கள். 'ஏதாவது கெட்டுப்போச்சா? போன் பண்ணி எத்தனை நாளில் வந்தார்கள்? முதல் தடவையிலேயே சரியாச்சா? காசு கேட்டார்களா?' என்று கேளுங்கள். கோளாறே வராத வீட்டைவிட, கோளாறு வந்து நாலு நாளில் சரிசெய்து வாங்கிய வீடு சொல்வதுதான் உங்களுக்கு வேண்டிய சேதி.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பையன் யாரையாவது அனுப்பி, அவர்கள் இப்போது வேலை பார்க்கும் ஒரு மாடியை அரை மணி நேரம் பார்த்து வரச் சொல்லுங்கள். பேனல் மேல் ஏறி நிற்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கண்ணாடி உடையாது, ஆனால் உள்ளே இருக்கும் செல்லில் மயிரிழை போல விரிசல் விழும். வெளியே தெரியாது, வருடங்கள் போகப் போக உற்பத்தி இறங்கும். அடுத்து அவர்கள் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேனல் வயர் முனையில் போடும் கனெக்டரை அதற்கென்று இருக்கும் கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். சாதாரண குறடால் நசுக்கினால் பிடிப்பு தளர்வாக இருக்கும், தினமும் வெயில் நேரத்தில் அந்த இடம் சூடாகும், ஒருநாள் கருகும். ஒரு கம்பெனி ஆண் கனெக்டரையும் இன்னொரு கம்பெனி பெண் கனெக்டரையும் மாட்டினாலும் இதே கதைதான். மாட்டும்போது 'கிளிக்' என்று சேர்ந்துகொள்ளும், உள்ளே இருக்கும் உலோகம் சரியாகத் தொடாது. கருகி உருகிய கனெக்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேனலும் இன்வெர்ட்டரும் நல்ல பிராண்டாக இருந்த வீடுகளில்தான் அவையும் இருந்தன. அதனால்தான் பிராண்டைவிட ஆளைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

விலைக்கு வருவோம். அரசு மானியத்தைக் கணக்கிட அடிப்படையாக வைத்த விலை முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 50,000, மூன்றாவதுக்கு 45,000, ஆக 1,45,000 ரூபாய். மானியம் முதல் இரண்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000. அது உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். 1,60,000 என்பது நடக்காத விலை இல்லை. ஆனால் மற்றவரைவிட எதில் குறைத்தார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்ட்ரக்சர் இரும்பின் கனமும் துத்தநாகப் பூச்சின் மைக்ரான் அளவும், டிசி கேபிளின் பிராண்டு, எர்த் குழி எத்தனை, இடிதாங்கி உண்டா, ஸ்ட்ரக்சரின் உயரம் எத்தனை அடி என்று எல்லாம் கொட்டேஷனில் வரட்டும். எர்த் குழி மூன்று வேண்டும்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. விலை குறைப்பவர்கள் முதலில் கை வைப்பது இந்தக் குழியில்தான். மண்ணுக்குள் போய்விட்டால் யார் எண்ணப் போகிறார்கள்?

உற்பத்தி பற்றி என்ன சொல்கிறார் என்றும் கவனியுங்கள். நம் ஊரில் 1 கிலோவாட்டுக்கு வருட சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் என்று வைக்கலாம். 3 கிலோவாட்டுக்கு 12. பங்குனி, சித்திரையில் கூடும், ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாக இறங்கும். 'தினம் 18 யூனிட் வரும்' என்பவர் விற்பதற்காகப் பேசுகிறார். விற்கும்போது கூட்டிச் சொல்பவர் சர்வீஸ் நேரத்தில் உண்மை சொல்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாகப் பணம். முழுவதையும் பேனல் ஏறிய அன்றே கொடுத்துவிடாதீர்கள். நெட் மீட்டர் (நீங்கள் இபியிடம் வாங்குவதையும் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி, உற்பத்தி ஓடி, உற்பத்தியைப் போனில் காட்டும் செயலியில் உங்கள் பெயரில் கணக்கு வந்து, எல்லா பேனலின் சீரியல் நம்பரும் எழுதிய ஜிஎஸ்டி பில் கைக்கு வரும்வரை பத்தில் ஒரு பங்காவது உங்களிடம் இருக்கட்டும். இதை முதல் நாளே பேசிவிடுங்கள். நேர்மையானவர் ஒத்துக்கொள்வார்.

கேள்வி: சோலார் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இந்தத் தடவை இபி பில் பழையபடி 3,000 ரூபாய்க்கு மேல் வந்துவிட்டது. செயலியில் பல மாதமாக எதுவும் தெரியவில்லை. போட்டவர் 'ஆள் அனுப்புகிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மாடிக்கு ஏறிப் பார்க்க எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது.
– வாசகர், காரைக்குடி

பதில்: மாடிக்கு ஏற வேண்டாம் ஐயா. இன்வெர்ட்டர் கீழே இருந்தால் அதன் முன்னே நின்று பாருங்கள். மேலே இருந்தால் யாரையாவது நல்ல வெயில் நேரத்தில் போட்டோ எடுத்துவரச் சொல்லுங்கள். பச்சை விளக்கு எரிந்து திரையில் வாட் எண்ணிக்கை ஓடினால் உற்பத்தி நடக்கிறது, செயலிக்குத்தான் சேதி போகவில்லை. வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், அல்லது ரூட்டரை மாற்றியிருப்பீர்கள். இன்வெர்ட்டரின் அடியில் செருகியிருக்கும் சின்ன வைஃபை ஸ்டிக்குக்குப் புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் சரியாகிவிடும். திரையே இருட்டாக இருந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ நின்றுபோயிருக்கிறது. அப்போது ஏசி பெட்டிக்குள் இருக்கும் பிரேக்கர் (கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) கீழே விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு இடி மழையில் விழுந்த பிரேக்கரை யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் விட்ட வீடுகள் உண்டு. 3 கிலோவாட் இரண்டு மாதம் நின்றால் ஏறக்குறைய 700 யூனிட் போச்சு.

பிரேக்கரை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். பேனலிலிருந்து வரும் டிசி பக்கத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். ஆறு பேனல் தொடராக இருந்தால் அந்த வயரில் 300 வோல்ட் அளவுக்கு இருக்கும். இபி சப்ளையை நிறுத்தினாலும் வெயில் இருக்கும்வரை அது இருக்கும்.

சிவப்பு விளக்கு என்றால் திரையில் என்ன எழுத்து வருகிறது என்பதைப் போட்டோ எடுத்து, போட்டவருக்கு அனுப்புவதோடு இன்வெர்ட்டர் கம்பெனியின் சர்வீஸ் எண்ணிலும் நேரடியாகப் புகார் பதியுங்கள். இன்வெர்ட்டரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருக்கும், அது போதும். நடுவில் இருப்பவர் வழியாகத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இது பலருக்குத் தெரியாததால்தான் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் செயலிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? போட்டவர் தன் ஈமெயிலில் கணக்கைத் தொடங்கி, உங்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருப்பார். பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். நாளை அவர் தொழிலை விட்டால் உங்கள் பிளாண்ட்டின் முழு வரலாறும் அவரோடு போய்விடும். வேறு ஆளைக் கூப்பிட்டாலும் அவரால் உள்ளே நுழைய முடியாது. உங்கள் போன் எண்ணிலும் ஈமெயிலிலும் உரிமையாளர் கணக்கை மாற்றித் தரச் சொல்லுங்கள். நிறுவியவருக்கும் ஒரு அனுமதி இருக்கட்டும், தப்பில்லை. சொல்லப்போனால் நல்ல சர்வீஸ்காரர் அதைப் பயன்படுத்துவார். உற்பத்தி பூஜ்யமாக இருப்பதைக் காலையிலேயே பார்த்துவிட்டு, 'சார், உங்க வீட்ல நேத்துலேர்ந்து வரலையே, ட்ரிப் ஆயிருக்கா பாருங்க' என்று அவரே போன் பண்ணுவார். அப்படி ஒரு போன் வாடிக்கையாளருக்கு எப்போதாவது வந்திருக்கிறதா என்று, புதிதாகப் போடப் போகிறவர்கள் பழைய வாடிக்கையாளரிடம் அவசியம் கேளுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, மேலூர்

பதில்: பேட்டரி இல்லாமல் இபி லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் அமைப்பு அப்படித்தான் நிற்க வேண்டும். உங்கள் மின்சாரம் லைனுக்குள் போய், அங்கே வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. ஆனால் விற்கும்போது இதை உங்களிடம் சொல்லாமல் விட்டது அவர் தவறு.

கேள்வி: உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம். நல்ல வெயில் அடிக்கும் 11 மணியிலிருந்து 2 மணிக்குள் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது. டெக்னீஷியன் வந்துவிட்டு 'இபி வோல்டேஜ் அதிகம், எங்க மேல தப்பில்ல' என்கிறார். இபி ஆபீஸில் 'உங்க சோலார்காரரைக் கேளுங்க' என்கிறார்கள். நான் யாரைப் பிடிப்பது?
– வாசகர், உசிலம்பட்டி வட்டம்

பதில்: இரண்டு பேரும் உண்மை சொல்லலாம், இரண்டு பேரும் தட்டிக்கழிக்கவும் செய்யலாம். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் மத்தியானம் வோல்டேஜ் ஏறும். அந்த நேரத்தில் ஊரில் மின் பயன்பாடு குறைவு, உங்கள் சோலாரும் லைனுக்குள் தள்ளுகிறது. 230 வோல்ட்டுக்கு மேல் 10 சதவீதம் ஏறினால் 253. அந்த எல்லையை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ போனதும் இன்வெர்ட்டர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அது கோளாறு இல்லை.

ஆனால் வோல்டேஜ் உங்கள் வீட்டுக்குள்ளேயும் ஏறலாம். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் பெட்டிவரை போகும் ஏசி வயர் மெல்லியதாக இருந்தால், மின்சாரத்தைத் தள்ள இன்வெர்ட்டர் தன் முனையில் வோல்டேஜை உயர்த்தியாக வேண்டும். கணக்கு போட்டுப் பாருங்கள்: 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் போட்டு 3 கிலோவாட் முழுதாக ஓடினால் கிட்டத்தட்ட 6 வோல்ட் அதிலேயே ஏறிவிடும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் இரண்டரை வோல்ட்டோடு நின்றிருக்கும். லைனில் 248 இருக்கும்போது இன்வெர்ட்டருக்கு 254 தெரிவது இப்படித்தான்.

டெக்னீஷியனை மத்தியானம் 12 மணிக்கு வரச் சொல்லுங்கள். காலையிலோ மாலையிலோ வந்தால் பிரயோஜனம் இல்லை. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டர் பக்கத்திலும் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே 3, 4 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரை மாற்றித் தர வேண்டியது அவர். மீட்டர் பக்கத்திலேயே 255 காட்டினால் அதைப் போட்டோ எடுத்து, செயலியில் இருக்கும் ட்ரிப் பதிவுகளையும் சேர்த்து, பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை (லைனுக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மாற்றினாலே பல ஊர்களில் சரியாகியிருக்கிறது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தை எழுத உங்களுக்கு உதவ வேண்டியவர் உங்கள் சோலார்காரர். அளவைக் குறித்து, கையெழுத்துப் போட்டு, தேவைப்பட்டால் இபி ஆபீஸுக்குக் கூட வருபவர்தான் விற்பனைக்குப் பின் சேவை செய்கிறவர். 'எங்க மேல தப்பில்ல' என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவது சேவையில் சேராது. உங்கள் வாயை அடைப்பதற்காக இன்வெர்ட்டரின் வோல்டேஜ் எல்லையை ரகசியமாகக் கூட்டிவைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வீட்டு ஃபிரிட்ஜும் டிவியும் அந்த வோல்டேஜில்தான் ஓட வேண்டும்.

கேள்வி: கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் எங்கள் வீடு. இரண்டு வருடம் முடியவில்லை, ஸ்ட்ரக்சரில் துரு பிடித்து மாடித் தரையெல்லாம் காவி நிறத்தில் வடிகிறது. 'ஸ்ட்ரக்சருக்கு வாரண்டி இல்லை, பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: துரு எங்கே பிடித்திருக்கிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். குழாயின் நடுப்பகுதி சாம்பல் நிறத்தில் நன்றாக இருந்து, வெல்டிங் வைத்த மூட்டு, அறுத்த முனை, துளை போட்ட இடம் இவற்றில் மட்டும் துரு என்றால் நடந்தது இதுதான்: கடையில் கிடைக்கும், துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புக் குழாயை வாங்கிவந்து உங்கள் மாடியிலேயே அறுத்து வெல்டு வைத்திருக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய்விடும். அதன் மேல் அடித்த வெள்ளிப் பெயின்ட் கடற்காற்றுக்கு ஒரு வருடம் தாங்கினால் அதிகம். முறைப்படி என்றால் பட்டறையில் அறுத்து, துளைபோட்டு, வெல்டு வைத்து எல்லாம் முடித்த பிறகு முழுத் துண்டையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்க வேண்டும். 80 மைக்ரான் பூச்சு கேட்பது வழக்கம். மாடியில் போல்ட்டு மட்டும்தான் போட வேண்டும், அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு.

உங்கள் கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். 'ஹாட் டிப் கால்வனைஸ்டு' (அப்படி முக்கி எடுத்தது) என்று எழுதிவிட்டு மாடியில் வெல்டு வைத்திருந்தால், எழுதியதைச் செய்யவில்லை என்று அர்த்தம். வாரண்டிப் பேச்சே வேண்டாம், ஒப்பந்தப்படி பொருள் தரவில்லை என்று கேளுங்கள். மானியத் திட்டத்தில் போட்டிருந்தால் 5 வருடப் பராமரிப்பும் சேர்ந்துகொள்ளும். அதற்கிடையில் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அடித்தட்டு போல்ட்டுகளையும் மூட்டுகளையும் ஒரு வெல்டரைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். வர்தா, கஜா மாதிரி ஒரு புயலில் பேனல் பறந்தால் அடுத்த வீட்டு மாடியில் நிற்கும் ஆளுக்கும் ஆபத்து.

கேள்வி: வருடம் 6,000 ரூபாய்க்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடச் சொல்கிறார்கள். தேவையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல் 5 வருடத்துக்கு, மானியத் திட்டத்தில் போட்டவர்கள் கோளாறு பார்ப்பதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பேனல் கழுவுவது பெரும்பாலும் அதில் சேராது. அதற்கு மட்டும் என்றால் 6,000 அதிகம் என்பேன். வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையில், மிருதுவான துடைப்பமும் தண்ணீரும் இருந்தால் போதும். சோப்புத்தூள் வேண்டாம். கொதிக்கும் பேனலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் நின்றுவிடும், அங்கே மழைத் தண்ணீரோ லாரித் தண்ணீரோ நல்லது. காக்காய், புறா எச்சத்தை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். அது மறைக்கும் செல் சூடாகி அங்கேயே கருகும்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு ஏஎம்சி போடுவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் கழுவுவதற்கு மட்டும் போடாதீர்கள். போல்ட்டு முறுக்குவது, கனெக்டர் சூட்டைப் பார்ப்பது, எர்த் ஓம் (எர்த்தின் மின்தடை) அளப்பது, டிசி பெட்டியில் இருக்கும் சர்ஜ் பாதுகாப்புக் குச்சியின் (திடீரென்று பாயும் மிகை வோல்டேஜைத் தாங்கிக்கொள்வது) பச்சை ஜன்னல் சிவப்பாகிவிட்டதா என்று பார்ப்பது, இதெல்லாம் எழுதியிருந்தால் போடலாம். ஒவ்வொரு தடவையும் அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் தர வேண்டும்.

கேள்வி: போட்டுக் கொடுத்த கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பேனல் கண்ணாடிக்குள் பழுப்பு நிறமாகிவிட்டது. இனி அவ்வளவுதானா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: இல்லை. பேனல் வாரண்டி தயாரித்தவருடையது, அது பூட்டவில்லை. பேனலின் பின்பக்கமோ ஓரத்திலோ சீரியல் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். அந்த நம்பர், பழுப்பு இடத்தின் போட்டோ, வாங்கிய பில் மூன்றையும் சேர்த்துத் தயாரிப்பாளருக்கு ஈமெயில் போடுங்கள். பில் கைவசம் இல்லை என்றால் நெட் மீட்டர் விண்ணப்பத்தோடு கொடுத்த தாள்களையும், மானியம் வாங்கியிருந்தால் திட்ட இணையதளத்தில் உங்கள் கணக்கில் இருக்கும் விவரங்களையும் எடுங்கள். மானியத் திட்டத்தில் போட்டவர் என்றால் விற்பனையாளர் மறைந்துவிட்டதை அந்த இணையதளத்திலும் மின்வாரியத்திலும் புகாராகப் பதியுங்கள். அவர் கட்டிய வங்கி உத்தரவாதம் இதற்காகத்தான் இருக்கிறது.

பண இழப்புக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள். வாட்ஸ்ஆப்பில் 'நாளைக்கு வர்றோம் சார்' என்று அவர் அனுப்பியதெல்லாம் ஆதாரம்தான், அழித்துவிட வேண்டாம்.

சர்வீஸுக்கு வேறு ஆளைப் பிடித்துவிடலாம். சீரியல் நம்பர், வயரிங் படம், செயலிக் கணக்கு இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் எந்த நல்ல டெக்னீஷியனும் வேலை பார்ப்பார். இவை இல்லாத வீட்டுக்கு வரத்தான் யோசிப்பார்கள்.

கேள்வி: என் மச்சினன் ஆறு மாதமாக சோலார் தொழில் செய்கிறார். அவரிடமே போடச் சொல்லி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். வேண்டாம் என்றால் சண்டை வரும், போட்டுக் கெட்டுப்போனாலும் சண்டை வரும்.
– வாசகர், தேனி

பதில்: தாராளமாகப் போடுங்கள் தம்பி. புதியவர் என்பதாலேயே ஒருவரைத் தள்ள வேண்டியதில்லை. புதிதாக வந்த பையன்கள் பலர் பெரிய கம்பெனிகளைவிட அக்கறையாகப் பார்க்கிறார்கள், போன் பண்ணினால் அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

ஆனால் வெளியாளிடம் என்ன எழுதி வாங்குவீர்களோ அதையெல்லாம் மச்சினனிடமும் வாங்குங்கள். 'நமக்குள்ள எதுக்கு மாமா பேப்பரு?' என்று கேட்பார். வாரண்டி கேட்கப் போகும்போது பேனல் கம்பெனிக்கு அவர் உங்கள் மச்சினன் என்று தெரியாது, பில்தான் தெரியும் என்று சொல்லுங்கள். திட்டத்தில் பதிவு இருக்கிறதா, மின் ஒப்பந்ததாரர் உரிமம் அவர் பெயரில் இருக்கிறதா, இல்லை வேறு யாருடைய உரிமத்திலாவது வேலை பார்க்கிறாரா என்று கேளுங்கள். வேறு ஒருவருடைய உரிமம் என்றால் அந்த ஆளையும் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் 5 வருடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

விலையில் மட்டும் உறவைக் காட்டிப் பேரம் பேசாதீர்கள். அவர் லாபமே இல்லாமல் போட்டுக் கொடுத்தால், மூன்றாவது வருடம் இன்வெர்ட்டர் நின்று நீங்கள் கூப்பிடும்போது பெட்ரோல் செலவு அவர் கையிலிருந்து போகும். அந்தச் சங்கடத்தில்தான் சொந்தக்காரர்கள் போனை எடுக்காமல் போகிறார்கள். ஊர் விலை என்னவோ அதைக் கொடுங்கள். அவரிடம் நல்ல கிரிம்பிங் டூலும் எர்த் டெஸ்டரும் இன்னும் இல்லை என்றால், அட்வான்ஸில் முதலில் அவற்றை வாங்கச் சொல்லி, உங்கள் வீட்டு வேலையை அவற்றோடு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.